வெள்ளை யானை: சாமி வாகனம் வீண்செலவுக்குப் பெயரானது எப்படி?

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் போகாத ஒரு பேருந்து நிலையத்தைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். அந்தக் கட்டடம் ‘வெள்ளை யானை’ ஆகிவிட்டது என்று அதில் எழுதியிருந்தார்கள். “மாமா, வெள்ளை யானை சாமி யானைதானே? சுந்தரர் அதுல ஏறித்தானே கயிலாயம் போனாரு? அப்புறம் ஏன் பஸ் ஸ்டாண்டைத் திட்டுறதுக்கு அதைச் சொல்றாங்க?” என்று கேட்டாள்.

“அது இங்கிலீஷ்ல இருந்து வந்த வழக்கு” என்று சொல்ல ஆரம்பித்தேன். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. ஆங்கிலத்துக்கு மட்டும் அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது? அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருள். ஆங்கிலத்தில் ‘ஒயிட் எலிஃபண்ட்’ என்றால், வைத்திருக்க ஏகப்பட்ட செலவு வைக்கும், அந்தச் செலவுக்கு ஏற்ற பயன் தராத, ஆனாலும் எளிதில் கைகழுவ முடியாத ஒரு உடைமை. கட்டடமாக இருக்கலாம், திட்டமாக இருக்கலாம், தாத்தா விட்டுப்போன பெரிய பங்களாவாகவும் இருக்கலாம். செலவு, பயனின்மை, கைகழுவ முடியாமை என்ற மூன்று குணங்களில் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். செலவு அதிகம், பயன் குறைவு என்றால் அது வெறும் வீண்செலவு, விற்றுத் தலைமுழுகிவிடலாம். விற்கவும் முடியாமல், இடிக்கவும் முடியாமல், வருஷா வருஷம் பணம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றால்தான் அது வெள்ளை யானை. நம் நாளிதழ்கள் பல சமயம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. பெரிய செலவில் கட்டிய எதையும் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள்.

இதற்கு எல்லோரும் சொல்லும் ஒரு பிறப்புக் கதை உண்டு. சயாம், அதாவது இன்றைய தாய்லாந்தின் அரசர், தனக்குப் பிடிக்காத ஒரு பிரபுவை ஒழிக்க நினைத்தால் அவருக்கு ஒரு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுப்பாராம். புனித மிருகம் என்பதால் அதை வேலைக்கு விட முடியாது. அரசர் கொடுத்தது என்பதால் விற்கவோ அடுத்தவருக்குத் தள்ளிவிடவோ முடியாது. கொல்வதைப் பற்றி நினைக்கவே முடியாது. ஆசிய யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி தின்னும். அறுபது வருடம்கூட வாழும். சில வருடங்களிலேயே பிரபு ஓட்டாண்டி ஆகிவிடுவார். தண்டனையை மரியாதையாகப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் தந்திரம்.

நல்ல கதை. ஆனால் நடந்ததாகத் தாய்லாந்து வரலாற்றில் ஆதாரம் இல்லை. யோசித்துப் பார்த்தாலே இடிக்கும். அந்த நாடுகளில் வெள்ளை யானை என்பது அரசுரிமையின் அடையாளம். அதைப் பிடிக்காத ஆளுக்குக் கொடுப்பது, கிரீடத்தைக் கழற்றி எதிரி தலையில் வைப்பது மாதிரி. உண்மையில் நடந்தது இதற்கு நேர் எதிர். அரசர்கள் வெள்ளை யானைகளைக் கொடுக்கவில்லை. அவற்றைக் கேட்டுச் சண்டை போட்டார்கள்.

1563இல் பர்மாவின் பேரரசர் பயின்னௌங், அன்றைய சயாம் அரசான அயுத்தயாவின் அரசர் மகா சக்கராபத்திடம் இரண்டு வெள்ளை யானைகள் கேட்டு ஆள் அனுப்பினார். அயுத்தயா அரசர் மறுத்தார். கொடுத்தால் பயின்னௌங்கின் மேலாண்மையை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பர்மாப் படை கிளம்பிவிட்டது. 1564இல் அயுத்தயா பணிந்தபோது இரண்டுக்குப் பதிலாக நான்கு வெள்ளை யானைகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. இளவரசர் ஒருவர் பிணையாகப் பர்மாவுக்குப் போனார். போருக்கு யானை ஒரு சாக்குதான், நாடு பிடிக்கும் ஆசைதான் காரணம் என்று சொல்லலாம். சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் எதைச் சாக்காகச் சொன்னால் எல்லோருக்கும் புரியுமோ அதைத்தானே சாக்காகச் சொல்வார்கள்?

இந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நம் பக்கத்துக்கே வந்து சேருகிறோம். பாற்கடலைக் கடைந்தபோது வந்த இந்திரனின் ஐராவதம் வெள்ளை யானை. தாய் மொழியில் அதே பெயர் ‘எராவன்’ என்று இன்றும் வழங்குகிறது. இந்திரன் மழைக்கு அதிபதி என்பதால் வெள்ளை யானை மழை, விளைச்சல், வளம் எல்லாவற்றோடும் சேர்ந்துவிட்டது. அதோடு பௌத்தக் கதையும் கலந்தது. புத்தரைக் கருவுறும் முன் மாயாதேவி கண்ட கனவில் ஒரு வெள்ளை யானை அவருடைய வலப்பக்கமாக உள்ளே புகுந்தது என்பார்கள். பௌத்த அரசர் ஒருவரின் ஆட்சியில் வெள்ளை யானை கிடைத்தால் அவர் தர்மத்தோடு ஆள்கிறார் என்பதற்கு வானமே சாட்சி சொன்ன மாதிரி.

தமிழ்நாட்டில் அரசியலை விட பக்திதான் இதில் கலந்தது. ஆடி மாதம் சுவாதி நட்சத்திரத்தில் சுந்தரர் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை மேல் கயிலை போனார், நண்பர் சேரமான் பெருமாள் குதிரையில் பின்தொடர்ந்தார் என்பது பெரியபுராணக் கதை. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள் நடையில் சோழர்காலச் சுவரோவியமாக அந்தக் காட்சி இருக்கிறது. தாராசுரம் கோயிலின் பெயரே ஐராவதேசுவரர் கோயில். சாபத்தால் நிறம் இழந்த ஐராவதம் அங்கே வழிபட்டு வெண்மையைத் திரும்பப் பெற்றதாகத் தலபுராணம். இப்படிப்பட்ட கதைகளோடு வளர்ந்த பிள்ளைக்கு ‘வெள்ளை யானை ஆன பேருந்து நிலையம்’ குழப்பமாகத்தான் இருக்கும்.

ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். வெள்ளை யானை பால்போல வெள்ளையாக இருக்காது. பெரும்பாலும் வெளிர்பழுப்பு, தண்ணீர் பட்டால் இளஞ்சிவப்பாகத் தெரியும். நகம், அண்ணம், கண், உடல் மயிர், வால் மயிர் என்று பல அடையாளங்களைச் சோதித்துத்தான் தாய்லாந்து அரண்மனை நிபுணர்கள் ஒரு யானையை இந்த வகையில் சேர்ப்பார்கள். அங்கே 1921இல் வந்த காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டப்படி, அப்படிப்பட்ட யானை யாருக்குக் கிடைத்தாலும் அரசரிடம் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும்.

இனி ஆங்கிலேயர் பக்கம் போவோம். லண்டன் வணிகர் ரால்ஃப் ஃபிட்ச் 1583இல் கப்பலேறி, இந்தியா வழியாகப் பர்மாவின் பெகு நகரம் வரை போனவர். பர்மாவைப் பார்த்து எழுதிய முதல் ஆங்கிலேயராக அறியப்படுபவர் இவர். 1591இல் ஊர் திரும்பி எழுதிய குறிப்புகளில் பெகு அரசரின் நான்கு வெள்ளை யானைகளை வாய் பிளந்து வர்ணிக்கிறார். அவற்றுக்குத் தங்கமுலாம் பூசிய வெள்ளிப் பாத்திரங்களில் உணவு. ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது ஒவ்வொரு யானைக்கும் மேலே பட்டு விதானம்; அதைத் தூக்கிக்கொண்டு ஆறெட்டுப் பேர்; முன்னால் மேளம். குளித்துக் கரையேறியதும் ஒரு பிரபு வெள்ளித் தாம்பாளத்தில் யானையின் காலைக் கழுவிவிடுவார். வேறு அரசரிடம் வெள்ளை யானை இருந்து, அதை அனுப்ப மறுத்தால் இந்த அரசர் போர் தொடுப்பார் என்றும் எழுதியிருக்கிறார்.

இந்தக் காட்சியை ஒரு பர்மாக்காரர் எப்படிப் பார்த்திருப்பார், ஒரு வணிகர் எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசித்தால் இந்தச் சொல்வழக்கு பிறந்த இடம் கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. பர்மாக்காரருக்கு அது நாட்டின் மழையும் நெல்லும் அரசரின் அறமும். கடல் தாண்டிச் சரக்கு விற்க வந்தவரின் கண்ணில் முதலில் படுவது கணக்கு: வேலை செய்யாத ஒரு மிருகம், அதற்கு இத்தனை ஆட்கள், இத்தனை வெள்ளி. ஃபிட்ச் கேலி எதுவும் செய்யவில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்த பயணிகளும் இதே மாதிரிக் காட்சிகளை எழுதி எழுதி, லண்டனில் உட்கார்ந்து படித்தவர்கள் மனதில் வெள்ளை யானை என்றாலே பெருஞ்செலவு என்ற படம் ஊன்றிவிட்டது. வழிபாடு ஊரிலேயே தங்கிவிட்டது. செலவு மட்டும் கப்பலேறிப் போனது. தீய அரசர் கதை அப்புறமாக, அந்தப் படத்துக்கு விளக்கமாக ஒட்டிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1721இலேயே லண்டன் இதழ் ஒன்றில், புகழும் வெற்றியும் பெரும்பாலும் வெள்ளை யானைகளே, அவற்றுக்காக மிகக் கொடிய போர்கள் நடந்திருக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். இங்கே பொருள் இன்னும் முழுதாக மாறவில்லை. அந்தப் பழைய போர்களின் நினைவு இருக்கிறது. 1851இல் எழுத்தாளர் ஜெரால்டின் ஜூஸ்பரி ஒரு கடிதத்தில், ஒருவர் செய்யும் உதவிகள் யாருக்கும் பயன்படாத, ஆனால் நம் நன்றியுணர்வை மட்டும் உறிஞ்சிக்கொண்டே போகும் வெள்ளை யானைகள் மாதிரி என்கிறார். அங்கே இன்றைய பொருள் முழுமையாக வந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடும் அதுதான். கேட்காமலே உதவி செய்துவிட்டு ஆயுள் முழுக்க அதைச் சொல்லிக் காட்டும் உறவினரை நினைத்துப் பாருங்கள், உடனே புரியும்.

இந்த இடத்தில் ஆபிரகாம் லிங்கனுக்கும் வெள்ளை யானை வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அது குழப்பம். சயாம் அரசர் மோங்குட் 1861இல் அமெரிக்காவுக்கு யானைகளை அனுப்பத் தயார் என்று கடிதம் எழுதியது உண்மை. அவை காட்டில் பெருகி வேலைக்கு உதவட்டும் என்று நல்லெண்ணத்தில் சொன்ன சாதாரண யானைகள். தங்கள் நாட்டுத் தட்பவெப்பம் யானைக்கு ஒத்துவராது, போக்குவரத்துக்கு நீராவி இருக்கிறது என்று லிங்கன் 1862இல் பணிவாக மறுத்து எழுதினார்.

நிஜமான வெள்ளை யானை ஒன்று அமெரிக்காவுக்குப் போனது அதற்கு இருபத்திரண்டு வருடம் கழித்து. சர்க்கஸ் முதலாளி பி. டி. பார்னம் பர்மாவிலிருந்து தௌங் தலௌங் என்ற யானையை வாங்கினார். 1884 தொடக்கத்தில் அது லண்டன் விலங்குக் காட்சிசாலையில் கொஞ்ச நாள் நின்றது. கூட்டம் கூட்டமாக வந்தவர்களுக்குப் பெருத்த ஏமாற்றம். பனிபோல் வெண்மையை எதிர்பார்த்து வந்தார்கள்; நின்றதோ அங்கங்கே இளஞ்சிவப்புத் திட்டுகளோடு ஒரு சாம்பல் யானை. மார்ச் மாதம் அது நியூயார்க் போய் இறங்கியது. அதற்குள் போட்டி சர்க்கஸ் முதலாளி ஆடம் ஃபோர்பா, பிலடெல்பியாவில் பளிச்சென்ற வெள்ளை யானை ஒன்றைக் களமிறக்கியிருந்தார். சாதாரண யானைக்கு வெள்ளையடித்திருந்தார்கள்! பார்னம் கொண்டுவந்தது உண்மையானது. ஜனங்களுக்குப் பிடித்ததோ போலி. அந்த ஆண்டு பியர்ஸ் சோப்பு விளம்பரத்தில்கூட யானையைத் தேய்த்து வெள்ளையாக்கும் படம் வந்தது. பாவம், தௌங் தலௌங் 1887 நவம்பரில் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட்டில் பார்னம் சர்க்கஸின் குளிர்காலத் தங்குமிடத்தில் பிடித்த தீயில் செத்துப்போனது. சொல்வழக்கு பார்னத்துக்கு முன்பே இருந்ததுதான். ஆனால் பெரும் செலவில் வரவழைத்து எதிர்பார்த்த லாபம் தராத அந்த யானை, அதைச் சாதாரண ஜனங்களின் வாய்க்கும் கொண்டுபோனது.

அதே காலத்தில்தான் பர்மாவின் வெள்ளை யானை மரபும் உடைந்தது. 1885 நவம்பரில் பிரிட்டிஷ் படை மாண்டலே நகரைப் பிடித்தது. கடைசி அரசர் தீபாவை முதலில் சென்னைக்குக் கொண்டுவந்து சில மாதம் வைத்திருந்து, பிறகு இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கும் ரத்தினகிரிக்கு அனுப்பினார்கள். அரண்மனையின் வெள்ளை யானை, அரசர் போன சில நாட்களிலேயே இறந்துவிட்டது.

இன்று இந்தச் சொல் அதிகம் விழுவது விளையாட்டரங்குகள், விமான நிலையங்கள் மேல்தான். கனடாவின் மான்ட்ரியல் நகரம் 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய அரங்கத்தின் கடனை 2006இல்தான் அடைத்து முடித்தது. இரண்டு வாரப் போட்டிக்கு முப்பது வருடக் கடன். அதன் கூரை ஓயாத தலைவலி. இடிப்பதற்கும் பெருஞ்செலவு ஆகும். 2024இல் புதிய கூரைக்கு 87 கோடி கனடிய டாலர் ஒதுக்குவதாக அரசு அறிவித்தது. வைத்திருந்தாலும் செலவு, விட்டுவிட்டாலும் செலவு. மேலே சொன்ன மூன்றாவது குணம் இதுதான்.

நமக்குப் பக்கத்திலேயே இலங்கையில் மத்தள விமான நிலையம். அம்பாந்தோட்டைக்கு அருகே சுமார் 20 கோடி டாலர் செலவில், பெரும்பகுதி சீனக் கடனில் கட்டி 2013 மார்ச்சில் திறந்தார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகள் வரலாம் என்று கட்டியது. நாளுக்குச் சில பேர்கூட வராத காலம் உண்டு. அதன் சரக்குக் கிடங்கில் நெல் மூட்டைகளைச் சேமித்தார்கள். யானைகள் நடமாடும் காட்டை வெட்டிக் கட்டியது என்பதால் நிஜ யானைகளும் வந்தன. 2016இல் விலங்குகளை விரட்ட ராணுவத்தினர், போலீஸார், ஊர்க்காரர்கள் என்று முந்நூறுக்கும் மேற்பட்டோரை இறக்க வேண்டியிருந்தது. பயணியே இல்லாவிட்டாலும் ஓடுபாதையைப் பராமரிக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், கடன் தவணை கட்ட வேண்டும். அந்தப் பணம் மொத்தமும் அந்த நாட்டு ஜனங்களின் பணம்.

இத்தனை செலவு தெரிந்தும் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? ஏற்கெனவே போட்ட பணம் வீணாகிவிடுமே என்ற பயம் ஒன்று. நிறுத்தினால் ‘தப்பு செய்துவிட்டோம்’ என்று ஒத்துக்கொள்ள வேண்டுமே என்ற கௌரவம் இன்னொன்று. இந்த இரண்டாவது விஷயத்தில் கதையில் வரும் பிரபுவும் இன்றைய அரசுகளும் ஒரே மாதிரிதான். பிரபுவால் யானையை விட முடியாததற்குக் காரணம் அது அரசர் பரிசு என்ற கௌரவம்.

இந்தச் சொல்லை அவசரப்பட்டுப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் ஒரு உதாரணம் வைத்திருக்கிறேன். சிட்னி ஆபரா ஹவுஸ் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்றார்கள். 10 கோடிக்கு மேல் ஆனது. பத்து வருடம் தாமதமாக 1973இல் திறந்தது. கட்டும்போது கண்டபடி விமர்சனம். இன்று ஆஸ்திரேலியா என்றாலே மனதில் வரும் படம் அதுதான். செலவு எகிறியது என்பதற்காக ஒன்றை வெள்ளை யானை என்று முத்திரை குத்தக் கூடாது. கட்டி முடித்த பிறகு அதற்கு வேலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டளவில் இந்தச் சொல் மென்மையாகிவிடுகிறது. பிரிட்டனில் தேவாலயச் சந்தைகளில் ‘வெள்ளை யானைக் கடை’ போடுவார்கள். வீட்டில் தேவைப்படாத, தூக்கிப்போடவும் மனமில்லாத சாமான்களைக் கொடுத்தால், யாராவது குறைந்த விலைக்கு வாங்கிப்போவார்கள், பணம் தர்மத்துக்கு. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இப்படிப்பட்ட பொருட்களைப் பொட்டலம் கட்டி மாற்றிக்கொள்ளும் விளையாட்டு உண்டு. நம் வீடுகளில் கல்யாணத்துக்கு வந்து, பரண் மேல் ஏறி, அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பும் சுவர்க் கடிகாரங்களுக்கும் டின்னர் செட்டுகளுக்கும் இது பொருந்தும்.

தமிழுக்கு இந்தச் சொல் கட்டாயம் வேண்டுமா என்றும் அன்று பேச்சு வந்தது. நம்மிடம் ஏற்கெனவே ‘யானையைக் கட்டித் தீனி போடுவது’ இருக்கிறதே. “பழைய காரை வாங்கிட்டு வந்து யானையைக் கட்டித் தீனி போடுற மாதிரி இருக்கு” என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. இதில் நிறம் இல்லை, சாமி இல்லை; வயிறும் தீனியும் மட்டும்தான். செலவை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இதைத்தான் எழுதுவேன். பெரிய கௌரவத்தோடு வந்து, அந்தக் கௌரவத்தாலேயே விட முடியாமல் போன விமான நிலையம் போன்றவற்றுக்கு ‘வெள்ளை யானை’ சரியாகப் பொருந்துகிறது. இரண்டும் இருக்கட்டும்.

அக்கா மகளுக்குப் பிடித்தது இவை எதுவும் இல்லை. தாய்லாந்துக்காரர்கள் தங்கள் பேச்சில் ‘வெள்ளை யானை’யை எதற்குச் சொல்கிறார்கள் என்று கேட்டாள். அங்கே பெரிய நகரங்களுக்கு வெளியே, வசதியே இல்லாத ஏதோ ஓர் ஊரில், யாரும் எதிர்பாராமல் வெளிப்படும் திறமைசாலிக்குத்தான் அந்தப் பெயர். ‘வெள்ளை யானை காட்டில் பிறக்கும்’ என்று ஒரு சொலவடையே உண்டு. அதைச் சொன்னதும் அவள் எழுந்துபோய்த் தன் நோட்டை எடுத்து வந்து, “அந்த வரியை மறுபடி சொல்லுங்க மாமா” என்றாள்.